நிற்பவர்களின் பெயர்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பொது அறிவு நூல்கள் ஒரே வரியில் விடை சொல்லிவிடும். சில நூல்களில் டாகேர் என்றிருக்கும், சிலவற்றில் நியெப்ஸ், ஆங்கிலேயர் எழுதிய நூலாக இருந்தால் டால்பட். தேர்வுக்கு இது போதும். ஒரு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு நாமும் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் ஒரு கலையின் வரலாறு அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு முடிந்துவிடுமா, நண்பர்களே? முடியாது என்பதே என் கருத்து. இந்தக் கருத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது ஓர் அருங்காட்சியகம்.

லண்டன் மாநகரிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்தான் அது. நான் அங்கே போனதில்லை. ராயக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இலவசப் பஸ் பாஸில் கல்லூரிக்கு வரும் எனக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகமே எட்டாத தொலைவு. ஆயினும் அந்த அருங்காட்சியகம் தன்னிடமுள்ள படங்களையும், ஒவ்வொரு படத்துக்கும் உரிய பதிவேட்டுக் குறிப்பையும், யார் வேண்டுமானாலும் கணினியில் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. துறைக் கருத்தரங்குக்காக வெள்ளி உப்புகளைப் பற்றிக் குறிப்பெடுக்க நூலகக் கணினியின் முன் உட்கார்ந்தவன், படங்களில் மாட்டிக்கொண்டேன். அங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. 1852இல் தோன்றிய அந்த நிறுவனம் தொடக்க காலத்திலிருந்தே புகைப்படங்களைச் சேர்த்து வந்திருக்கிறது. 1858ஆம் ஆண்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சுவரில் மாட்டி ஒரு கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள். புகைப்படம் கலையா, வெறும் இயந்திர வேலையா என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டிருந்த காலம் அது.

முதலில் நம் துறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒளி பட்டால் வெள்ளி உப்பு கறுக்கும் என்பது புதிய செய்தியன்று. ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1717ஆம் ஆண்டு வாக்கிலேயே அதைச் சோதித்துக் காட்டிவிட்டார். 1802இல் வெட்ஜ்வுட், டேவி என்ற இருவர், வெள்ளி நைட்ரேட் தடவிய காகிதத்திலும் வெள்ளைத் தோலிலும் உருவங்களைப் பதித்தார்கள். பதித்து என்ன பயன்? ஒளியில் பிறந்த உருவம் ஒளியாலேயே அழிந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் மீதியிருந்த உப்பும் கறுத்துக் காகிதம் முழுவதும் இருண்டுவிடும். எனவே தாங்கள் உண்டாக்கிய படத்தைத் தாங்களே மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒளித்து ஒளித்துப் பார்க்க வேண்டியதாயிற்று! படம் எடுப்பதைவிட எடுத்த படத்தை நிலைநிறுத்துவதே கடினமாக இருந்திருக்கிறது. டால்பட் 1830களில் சமையல் உப்பின் செறிந்த கரைசலை வைத்துச் சமாளித்துப் பார்த்தார். உண்மையான தீர்வு வேறொருவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் 1819லேயே, சோடியம் தயோசல்பேட் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று கண்டறிந்திருந்தார். நம் ஆய்வகத்தில் பியூரெட்டில் ஊற்றி, ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் அந்த ஒரு துளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அதே தயோதான்! இருபது ஆண்டுகள் அந்தச் செய்தி பயனின்றிக் கிடந்தது. 1839இல் டாகேரின் செய்தி பாரிசிலிருந்து பரவியபோதுதான் ஹெர்ஷல் அதை எடுத்துப் படத்தின்மேல் பயன்படுத்தினார், டால்பட்டுக்கும் சொன்னார். ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்பது இதைத்தான். (இதற்குப் 'புகைப்படம்' என்று பெயர் வைத்தவர் யாரோ, எனக்குத் தெரிந்தவரை இதில் எங்கும் புகை இல்லை.)

பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் இந்த வேதியியல், அருங்காட்சியகத்தில் ஒரு பொருளாக நிற்கிறது. ஒவ்வொரு படத்தின் குறிப்பிலும் அது எதனால் ஆனது என்று எழுதியிருக்கிறார்கள். 1839இல் லண்டனின் பார்லிமென்ட் தெருவைக் காட்டும் டாகேர் வகைப் படம் ஒன்று அங்கே உண்டு. வெள்ளி பூசிய செப்புத் தகடு, அயோடின் ஆவி, பாதரச ஆவி என்று அதன் செய்முறையைப் படிக்கும்போது, மூடிய அறையில் அந்தப் பாதரசத்தைச் சூடாக்கியவர்களின் நெஞ்சு என்ன ஆயிருக்கும் என்று தோன்றுகிறது. பிறகு வந்தது முட்டை வெள்ளைக்கரு தடவிய அல்புமின் காகிதம். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று 1888ஆம் ஆண்டில் மட்டும் இந்தக் காகிதத்துக்காக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவழித்திருக்கிறது. அத்தனை முட்டைகளையும் உடைத்து வெள்ளைக்கருவை வேறாக்கியவை பெண் தொழிலாளரின் கைகள். காகிதத்தின் மேல் மின்னும் அந்தப் பளபளப்பு அவர்களுடைய உழைப்பு. படத்தின் குறிப்பில் 'அல்புமின் அச்சு' என்றிருக்கும். அந்தக் கைகளுக்குக் குறிப்பில் இடமில்லை.

இங்கிருந்துதான் எனக்கு ஒரு கேள்வி கிளம்பியது. இந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை?

நம் பக்கத்துச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857இன் முடிவில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டுச் சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். 1858இல் அவர் வெளியிட்ட தொகுதிகளில் ஒன்றின் பெயரே 'ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்' என்பது. நான் தினமும் பஸ் சன்னலில் பார்க்கும் குன்று அது! கண்ணாடித் தகடுகளை ஈரம் காயும் முன்பே பயன்படுத்திக் கழுவ வேண்டிய முறை அப்போது பரவியிருந்தது. நம் ஊர் வெயிலில் அது எளிதா? டிரைப் மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். அதிலும் ஒரு வேதியியல் சிக்கல்: வெள்ளி அயோடைடு நீல ஒளியில் அளவுக்கு மீறி வினைபுரியும். ஆகவே வானம் வெற்று வெள்ளையாகப் போய்விடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிவிட்டார். புகைப்படம் பொய் சொல்லாது என்பவர்கள் அந்த மேகங்களைப் பார்க்க வேண்டும். 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், அரசின் பணநிலைக்கு இது ஆடம்பரம் என்று கருதி இந்த வேலையையே மூடிவிட்டார்.

டிரைப் எடுத்தவற்றில் என்னை அசர வைத்தது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளின் படம். 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். எழுத்துகள் தெரிகின்றன. அதே கோயிலின் கல்வெட்டொன்று, முதலாம் இராசராசன் காலத்தில் அங்கே குடியமர்த்தப்பட்ட நானூறு ஆடற்பெண்டிரைப் பெயர் பெயராகச் சொல்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. மேளக்காரர், குடை பிடிப்போர், வண்ணார், நாவிதர், தச்சர் என்று மற்றப் பணியாளர்களும் உண்டு. இதை வைத்து அக்காலத்தைப் பொற்காலம் என்று மேடையேறி முழங்க நான் வரவில்லை. நெல் அளந்து கொடுக்க வேண்டுமானால் ஆள் இன்னாரென்று தெரிய வேண்டும், அதனால் எழுதினார்கள். காரணம் எதுவாயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. புகைப்படம் வந்த பிறகு முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை!

1868க்கும் 1875க்கும் இடையில் 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலான படங்களின் கீழே இருப்பது சாதியின் பெயர், குலத்தின் பெயர், தொழிலின் பெயர். தாய் தந்தையர் வைத்த பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்று எடுத்தவருக்கும் தோன்றவில்லை, அச்சிட்டவருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதனை ஒரு சாதிக்கு மாதிரியாக நிறுத்திவிட்டால் பிறகு அவன் பெயர் எதற்கு என்ற எண்ணம்தானே!

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரின் கதை இதைவிட நுட்பமானது. கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆம் வயதில் மகள் பரிசாகத் தந்த காமிராவில் படம் எடுக்கத் தொடங்கினார். 1868இல் அந்த அருங்காட்சியகமே தன் கட்டடத்தில் இரண்டு அறைகளை அவருக்கு ஸ்டூடியோவாகக் கொடுத்திருக்கிறது. தகடு விரிந்தாலும், மருந்து வழிந்து கறை பட்டாலும் வீசி எறியாமல் அச்சுப் போட்டவர். கவிஞர் டென்னிசன், டார்வின், மேலே சொன்ன ஹெர்ஷல் என்று பெரிய மனிதர்கள் பலர் அவர் காமிராவின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெர்ஷலின் நரைத்த தலையை அவர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தால், ஹைப்போவைக் கண்டவரின் முகத்தை ஹைப்போவே காப்பாற்றி வைத்திருக்கிறது என்று தோன்றும். அவருடைய வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர் பல படங்களில் கன்னி மரியாளாக நின்றிருக்கிறார். அந்தப் பணிப்பெண்ணின் பெயரையும் வரலாறு வைத்திருக்கிறது. 1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போனது. அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போன தமிழர்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கேயும் அம்மையார் படம் எடுத்தார், 1879இல் அங்கேயே இறந்தார். 1878இல் எடுத்த ஒரு படத்துக்குத் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள் சிலர்' என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அதே கண், அதே காமிரா, அதே அன்பான ஒளி. இங்கிலாந்தில் நின்ற வேலைக்காரிக்குப் பெயர் உண்டு. இலங்கையில் நின்ற உழைப்பாளிக்கு இல்லை.

அழகான படம், அதைப் பார்த்து மகிழ்ந்தால் போதாதா, பெயரைத் தேடுவானேன் என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மலையைப் பார்க்கிறோம், அதன் பெயர் கேட்டா வியக்கிறோம்? ஆனால் மனிதன் மலையல்லன். டாகேர் 1838இல் பாரிஸ் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். அப்போது நெடுநேரம் ஒளி விழ வேண்டியிருந்ததால், நடந்து போனவர்களும் வண்டிகளும் தகட்டில் பதியாமலே மறைந்தார்கள். ஒரே இடத்தில் நின்றதால் பதிந்தவர்கள் இருவர்: செருப்புக்கு மெருகு போடும் தொழிலாளியும் அவனிடம் காலை நீட்டியவரும். புகைப்படத்தில் முதன்முதல் பதிந்த மனிதர்களாக இவர்களைச் சொல்கிறார்கள். ஒரு தொழிலாளி தன் வேலையில் அசையாமல் நின்றதால் வரலாற்றில் ஏறினான் என்பது எனக்கு மகிழ்ச்சி. படம் எடுத்தவர் பெயரைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும்; அவன் பெயரைச் சொல்ல ஆளில்லை என்பது எனக்கு வருத்தம்.

இதை நான் இவ்வளவு நீட்டிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். தாத்தா சாலை போடும் கூலி. அவருடைய ஒரே படம், ஒரு பாலம் கட்டி முடித்தபோது எடுத்த கூட்டுப் படம். முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்தவர்களின் பெயர்கள், பட்டங்களோடு கீழே அழகாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பின்னால் 23 பேர் நிற்கிறார்கள். தாத்தா இரண்டாம் வரிசையில் ஓரமாக, முண்டாசைக் கையில் பிடித்தபடி. சென்ற பொங்கலின்போது பாட்டியை உட்கார வைத்து, ஒவ்வொரு முகமாகக் காட்டிக் கேட்டேன். தாத்தாவைத் தவிர ஏழு பேரைச் சொன்னார். 'இவன் மேஸ்திரி மச்சான், இவன் கல்லு உடைக்கிறப்போ கண்ணு போனவன்' என்று வரலாறே சொன்னார். மீதிப் பதினைந்து பேரைச் சொல்லக் கூடிய ஒருவரும் இப்போது எங்கள் ஊரில் உயிரோடு இல்லை. பாலம் இருக்கிறது, பஸ் போகிறது.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். அருங்காட்சியகத்தைப் பார்த்து நாம் கற்க வேண்டியது, எடுத்தவர், ஆண்டு, செய்முறை, அளவு என்று ஒவ்வொன்றையும் விடாமல் எழுதும் அந்த ஒழுங்கை. அதைப் பார்த்தே நாம் கேட்க வேண்டியது, நின்றவர் யார் என்ற ஒரு கட்டம் ஏன் பல வேளைகளில் காலியாக இருக்கிறது என்பதை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது புகைப்பட வரலாறு. இல்லையென்றால் காமிரா வரலாறு.

நம் வாசலிலேயே இதற்கு வேலை இருக்கிறது. நம் கல்லூரி ஆண்டு மலரின் பழைய தொகுதிகளை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு துறையின் கூட்டுப் படத்திலும் அமர்ந்திருப்போர் பெயர்கள் இடமிருந்து வலமாக வரிசையாக உள்ளன. நிற்போர்? 'மாணவர்கள்' என்ற ஒற்றைச் சொல். நாள்தோறும் நமக்கு முன்னே வந்து அமிலப் புட்டிகளை அடுக்கி, நாம் உடைத்த பிப்பெட்டின் கண்ணாடியைப் பெருக்கி எடுக்கும் ஆய்வக உதவியாளர் அண்ணன் பல ஆண்டுப் படங்களில் இல்லவே இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டதாக நான் சொல்லவில்லை; அது ஒரு பழக்கம். பழக்கத்தை மாற்றலாம். இந்த ஆண்டு முதல் படத்தில் உள்ள அனைவர் பெயரையும் அச்சிடுமாறு மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்பார்கள். சின்ன எழுத்தில் போட்டால் துறைக்குக் கால் பக்கம் பிடிக்கும். அதற்கு இடம் வேண்டுமானால் என்னுடைய இந்தக் கட்டுரையையே குறைத்துக்கொள்ளட்டும்.

வெளியூர் அருங்காட்சியகத்தை நம்பிக்கொண்டிருக்கலாமா என்பது இன்னொன்று. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் ஆலைத் தொழிலாளர் நிறைந்த நகரம். அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் இருந்த அரச புகைப்படக் கழகத்தின் பெருந்தொகுப்பை லண்டனுக்கு மாற்றப் போவதாக 2016இல் அறிவித்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆயினும் 2017இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் விக்டோரியா ஆல்பர்ட்டுக்குப் போய்விட்டன. லண்டனில் அதற்கென்று 2018இல் தனி மையமும் திறந்தார்கள். வசதி அங்கேதான் இருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் பிராட்ஃபோர்டில் படிக்கும் ஒரு மாணவனின் பக்கமே என் மனம் சாய்கிறது. பெரிய நகரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்வது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் எத்தனை திருமணங்கள், எத்தனை காதுகுத்துகள் நெகட்டிவ்களாகக் கிடந்து பூஞ்சணம் பிடிக்கின்றன! புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிக் கணினியில் பதிந்து வைத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் அவர்கள் எல்லாத் தெருவுக்கும் வர முடியுமா? அவரவர் வீட்டுப் பெட்டியை அவரவர்தான் திறக்க வேண்டும். கைப்பேசியில் ஆயிரம் படம் வைத்திருக்கும் நம் தலைமுறைக்கும் இது பொருந்தும். அவற்றில் ஒன்றிலாவது யார் யார் என்று எழுதியிருக்கிறோமா?

செய்ய விரும்புவோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம். அது முன்பக்கம் தடம் பதிக்கும், நாளடைவில் மை ஊறும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். பெயர், ஊர், ஆண்டு, எந்தச் சமயத்தில் எடுத்தது, யார் சொல்லி எழுதியது. பாட்டிமார் பகலில் தூங்கி எழுந்த பிறகு கேட்டால் நன்றாகச் சொல்கிறார்கள்.